சிவப்பு வளையம்

பிளாஸ்டிக்கில் ஒட்டிய பெயிண்டை எடுக்கத் தின்னர் ஊற்றுகிறவன் சோம்பேறி. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தின்னர் பட்டால் பெயிண்ட் போகும், உண்மைதான். கூடவே பிளாஸ்டிக்கின் தோலும் போகும். வெளுத்து, பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் விளிம்பெல்லாம் பொரிந்து உதிரும். வெந்நீரில் சோப்பைக் கரைத்து ஊறப்போட வேண்டும். பிறகு மரச் சீவல், பழைய பல் பிரஷ். அதற்கும் அசையாவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணி. பொறுமை இருந்தால் கத்தியோ பிளேடோ கிட்டே வரத் தேவையில்லை.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். மாப்பிள்ளை எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். உங்கள் டைப் அடிக்கிறவரும் ஒரு எழுத்தைத் தேடிப்பிடித்து அடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் நானும் மெதுவாகவே சொல்கிறேன்.

செம்புக் கம்பி அடுக்கி வைத்திருக்கும் அந்தப் பெரிய கிடங்குக்குக் காவல் கொடுக்கிற கம்பெனியில் நான் ஆயுத அறைப் பொறுப்பாளன். பொறுப்பாளன் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி, உள்ளே நான். காவலர்கள் வேலைக்குப் போகும்போது அந்த இடைவெளி வழியாகத் துப்பாக்கியும் ஒரு மேகசினும் வாங்கிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு மேகசின்தான். எங்கள் கம்பெனி அதற்கு மேல் யாரையும் நம்பியதில்லை.

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கிவைக்கிற டப்பா. உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கப்போகும் நீதிபதிக்குத் தெரியாமல் இருக்கலாம். டப்பாவுக்குள் ஒரு ஸ்பிரிங், அது தோட்டாவை மேலே தள்ளும். மேல் வாயில் இரண்டு உதடுகள், தோட்டா துள்ளி வெளியே வந்துவிடாமல் அவை பிடித்துக்கொள்ளும். எங்களுடையவை பிளாஸ்டிக் டப்பாக்கள். உதட்டில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து துப்பாக்கியை அடைத்துவிடும். முதல் தோட்டா வெடிக்கும், அடுத்தது சிக்கும். அப்புறம் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, விறகுக்கட்டை.

அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. உதட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் தெரியும். அதுவும் எல்லோர் விரலுக்கும் தெரியாது. என் விரலுக்குத் தெரியும். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. நாக்குக்கு உப்பு தெரிகிற மாதிரிதான் அது. முன்பெல்லாம் காவலர்களுக்குச் சந்தேகம் வந்தால் ஜன்னலுக்கு வந்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பார்கள். நான் அழுத்திப் பார்த்து நல்லது என்றால் நல்லது, கெட்டது என்றால் கெட்டது. அதற்கு மேல் பேச்சு கிடையாது. மேலாளரே வந்தாலும் அந்த அறையில் என் வார்த்தைதான் கடைசி வார்த்தை. அதுதான் அங்கே வழக்கம்.

மாப்பிள்ளை என்பது என் தங்கையின் கணவன். நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவன்தான். மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் அவன் என்றே சொல்கிறேன். அந்தக் கிடங்கில் காவலர் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தங்கை வந்து கேட்டாள், தட்ட முடியவில்லை. சிரித்த முகம், ஓட்டை வாய். ஆள் வாசலுக்கு வருவதற்கு முன்பே சத்தம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அவனைப் பிடிக்காதவர்கள் அந்தக் கிடங்கில் யாருமே இல்லை. சிரிக்கிறவனைப் பிடிப்பதற்கு மூளை தேவையில்லையே.

அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கையில் பெயிண்ட் டப்பா கிடைத்துவிட்டால் சும்மா இருக்க மாட்டான். சாப்பாட்டு டப்பாவில் பச்சைக் கோடு, சைக்கிள் மணியில் மஞ்சள் பொட்டு, என் தங்கை வீட்டு வாளிகளில் எல்லாம் எண்கள். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுகிற வகை. வந்த கொஞ்ச நாளிலேயே மேகசின்களிலும் கை வைத்தான். அவை ஏற்கெனவே கலைக்கப்பட்ட ஏதோ ஒரு படையிடமிருந்து வாங்கிய பழைய சரக்கு. யார் யாரோ எழுதிய எண்கள், எழுத்துகள், ஒன்றில் அம்பு பாய்ந்த இதயம்கூட உண்டு. அந்தக் குப்பைக்கு மேல் இவன் ஒரு முறை கொண்டுவந்தான். பயிற்சியில் எந்த மேகசின் சிக்குகிறதோ அதன் அடிப்பக்கம் சிவப்பு வளையம். யார் கையில் சிக்கியதோ அவரே தன் கையால் வளையம் போட வேண்டும். வளையம் போட்டது காவலுக்குப் போகாது. துப்பாக்கி சிக்கினால் என்ன செய்வது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க மட்டும் அதை எடுப்பார்கள்.

நல்ல முறைதானே என்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மேலாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வந்து யாரும் எதையும் நீட்டவில்லை. அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள், சிவப்பு இல்லையா, போய்க்கொண்டே இருப்பார்கள். மாடுகூடப் புல்லை மோந்து பார்த்துத்தான் வாய் வைக்கும். இவர்கள் கலரைப் பார்த்துத் தின்கிறவர்கள். என் கட்டைவிரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதைப் பற்றி நான் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிறகு ஒரு நாள் கிடங்குக்காரர்கள் தரப்பில் சிலர் பார்வையிட வந்தார்கள். அதில் ஒரு அம்மா மேகசினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பஸ் சீட்டுக்குப் பின்னாடி கிறுக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். மேலாளரின் முகம் தொங்கிப்போயிற்று. அவர்களை வழியனுப்பிவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க. பளிச்சுனு கருப்பா இருக்கணும்."

"சிவப்பு வளையத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். உங்களுக்கு என்ன தனித்தனியா சொல்லணுமா?"

சொல்லும்போது அவர் கண் போனில் இருந்தது. அந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதை மறக்காமல் எழுதுங்கள். இப்போது அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பாரே. அப்படி மறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வேலையை ஆரம்பித்தேன். ஒரு பெரிய தொட்டியில் சோப்புத் தண்ணீர், முழங்கை வரைக்கும் நுரை. சந்தோஷமாகத்தான் செய்தேன். எண்கள் போயின, இதயம் போயிற்று, அவனுடைய சிவப்பும் சுருண்டு சுருண்டு தண்ணீரில் மிதந்தது. சிக்குகிற மேகசின்களைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு மூடி வைத்தேன். என் ஒழுங்கில் யாரும் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் மாப்பிள்ளை வேலை முடிந்து நாலைந்து பேரோடு ஜன்னலுக்கு வந்தான். என் கையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா, மச்சான் இப்ப ரப்பர் ஆயிட்டாரு. நாம எழுதுவோம், அவர் அழிப்பாரு. நல்ல கூட்டணி."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அந்தக் கிடங்கில் என் பெயர் ரப்பர். "ரப்பர் வந்துட்டாரா? ரப்பர்கிட்ட சாவி இருக்கா?" அந்த வாரம் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவளுடைய சின்னப் பெண் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, ரப்பர் மாமா வந்தாச்சு" என்றாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு தெரிந்தது. குழந்தைகள் சொல்வதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவன் இல்லை நான். முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பெயிண்ட் போய்விட்டதால் இனி எல்லோரும் மேகசினைக் கையால் பரிசோதித்துத்தான் ஆக வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் புரியும். வேலை மாறுகிற நேரத்தில் எல்லோரையும் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, உதட்டில் எங்கே விரல் வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்று காட்டினேன். சந்தேகம் என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள் என்றேன். தலையைத் தலையை ஆட்டினார்கள். மாப்பிள்ளை பின்னால் நின்று யார் காதிலோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு தடியன், "அதான் நீங்க பாத்துத்தானே குடுக்குறீங்க அண்ணே, அப்புறம் நாங்க எதுக்கு அழுத்தணும்" என்றான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அன்றைக்கும் யாரும் அழுத்திப் பார்க்கவில்லை, அதற்கு அடுத்த நாட்களிலும் இல்லை. முன்பு அடியைத் திருப்பியாவது பார்த்தார்கள். இப்போது அதுவும் போய், கொடுத்ததை வாங்கி மாட்டிக்கொண்டு போனார்கள்.

அதனால் ஒரு சோதனை வைக்கலாம் என்று நினைத்தேன். வாத்தியார் கேள்வித்தாளில் கஷ்டமான கேள்வி ஒன்று வைக்கிறார். படிக்காத பையன் பெயிலாகிறான். வாத்தியாரையா பிடித்து உள்ளே வைக்கிறோம்? மூடி வைத்த பெட்டியிலிருந்து ஒரு மேகசினை எடுத்தேன். நல்ல மேகசின்களோடு சேர்த்து வைத்தேன். உதட்டை அழுத்திப் பார்க்கிற யாரும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் என்னிடம் கொண்டுவருவார்கள், நான் மாற்றிக் கொடுப்பேன். யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. அது யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது.

சரி. தெரியும். எடுத்துக் கொடுக்கிறவனே நான்தானே.

அது அவனே வளையம் போட்ட மேகசின். பயிற்சியில் அவன் கையில்தான் சிக்கியது. வளையத்தை இழுத்து முடிக்கிற இடத்தில் பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்திருந்தது, அவன் வேலை எல்லாமே அப்படித்தான். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெயிண்டை எடுக்கலாம், நிழலை எடுக்க முடியாது. வெயிலிலும் வியர்வையிலும் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் பூத்துப்போகும். பெயிண்ட் மூடியிருந்த இடம் மட்டும் பழைய கருப்பிலேயே இருக்கும். என்ன தேய்த்தாலும் வளையம் இருந்த இடத்தில் ஒரு கரு வளையம், வழிந்த சொட்டோடு சேர்த்து, தெரியும். பெட்டியில் இருந்த மற்றவற்றை நான் அந்த நிழலோடு அப்படியே விட்டிருந்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் பட்டால் எல்லாம் ஒரே கருப்பாகிவிடும். ஏன் இதற்கு மட்டும் என்று நேற்றே கேட்டீர்கள், அழகுக்காக என்றேன். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டீர்கள்.

நீங்கள்தான் துப்பு துலக்கியதாக வெளியே பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். மேகசினை உங்கள் மேஜையில், ஜன்னல் ஓரமாக, வெயில் படுகிற இடத்தில் போட்டுவைத்திருந்தீர்கள். அத்தாட்சிப் பொருளை யாராவது அப்படி வைப்பார்களா? எண்ணெய் காய்ந்தது, நிழல் மேலே வந்தது. கண்டுபிடித்தது நீங்கள் இல்லை, வெயில்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு நேரில் தெரியாது. அவனோடு கேட்டில் நின்ற காவலாளி சொல்லித்தான் தெரியும். சாப்பாட்டு நேரம் முடிந்து வெயில் சாய ஆரம்பித்தபோது ஒரு லாரி வந்தது. சரக்கு ஏற்ற வந்த லாரி என்று நினைத்தார்களாம். இறங்கியவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. மாப்பிள்ளை இவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் முன்னால் நின்றிருக்கிறான். அப்படிச் செய்யத்தான் செய்வான், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால். ஒரு முறை சுட்டான். அடுத்தது சிக்கியது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே அடியைத் தட்டினான், இழுத்தான், மறுபடி சுடப் பார்த்தான். மறுபடியும் சிக்கியது. அப்போது மேகசினைக் கழற்றி, அதன் அடியைத் திருப்பிப் பார்த்தானாம்.

"அந்த நேரத்துல எதத் தேடுனாருன்னு எனக்கு இன்னமும் புரியலண்ணே" என்றான் அந்தக் காவலாளி. எனக்குப் புரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. அடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையைச் சுட்டுவிட்டார்கள்.

எல்லோரும் கம்பெனியைத் திட்டினார்கள். பழைய சரக்கு, கஞ்சத்தனம், இப்படி. மேலாளர் வியர்த்து வழிந்துகொண்டு அங்கும் இங்கும் போனார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ரப்பரை யார் கேட்பார்கள்? தங்கை மட்டும் கேட்டாள். வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, உன் கையால எடுத்துக் குடுத்ததுதானே. நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"அப்ப நீ மனசப் போட்டு உழப்பிக்காத. அவரு எப்பவும் சொல்லுவாரு, கலரெல்லாம் சும்மா, எங்க மச்சான் விரல் வச்சாத் தப்பாதுன்னு. உன் முன்னாடிதான் கேலி பண்ணுவாரு."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். சின்னப் பெண் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கையிடம் அன்றைக்குச் சொன்னது பொய், அதற்கு வேண்டுமானால் எனக்கு ஏதாவது தண்டனை கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் சோதனை. சோதனை வைத்தேன், அழுத்திப் பார்க்காமல் எடுத்துப் போனான், செத்தான். என் விளக்கம் அவ்வளவுதான் என்று நேற்றே முடித்திருந்தேன்.

நீங்கள் விடவில்லை. காலையில் வந்ததும் வராததுமாக ஒன்று கேட்டீர்கள். அந்தக் காவலாளி இன்னொன்றும் சொன்னானாமே, மேகசினை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போன மாப்பிள்ளை பாதி வழியில் என் ஜன்னலுக்குத் திரும்பி வந்தான் என்று. எதற்கு வந்தான் என்று கேட்டீர்கள். ஏதாவது கேலி பேச வந்திருப்பான், ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. பின்னால் யாரும் இல்லை, சிரிக்க வைப்பதற்கு. மேகசினைக் கம்பிக்கு அடியில் நீட்டினான்.

"மச்சான், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி அழுத்திப் பாத்தேன். தினமும் பாக்குறதுதான். இன்னைக்கு இடது பக்கம் லேசா அசையுற மாதிரி இருக்கு. எனக்குச் சரியா சொல்லத் தெரியல. உங்க விரலுக்குத் தெரியும், ஒரு தடவ பாருங்களேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அந்தக் கம்பியை ஒருவர் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேகசினை வாங்கி உதட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். இடது பக்கம்தான். அவன் சொன்ன அதே இடம். என் விரலுக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவன் விரலுக்கும் தெரிந்திருந்தது. நல்ல மேகசின்கள் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து நீட்டியிருக்கலாம், அதற்கு எழுந்துகூட நிற்க வேண்டியதில்லை. துணியை எடுத்து அதையே இன்னொரு முறை துடைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. போங்க."

"நீங்க சொன்னா சரி மச்சான்" என்று வாங்கிக்கொண்டு போனான்.

இதையும் அடிக்கச் சொல்லுங்கள், மெதுவாகவே அடிக்கட்டும். நான் வைத்த சோதனையில் அந்தக் கிடங்கிலேயே தேறியவன் அவன் ஒருவன்தான். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.